சிவப்பு நூல் கட்டிய டப்பா

அத்தியாயம் 14

“வேற என்ன சாப்பிடுறீங்க?”

டாக்டர் எழில் இதை மூன்றாவது தடவையாகக் கேட்டபோதுதான், இது பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை என்று அருணாதேவிக்கு உறைத்தது.

“நீங்க எழுதிக் குடுத்த மாத்திரை மட்டும்தான் டாக்டர். ராத்திரி ஒண்ணு. ஒரு நாள்கூட விட்டதில்ல.”

“நாட்டு மருந்து?”

“இல்ல.”

“லேகியம், பொடி, கேப்சூல்? செங்கம் ரோட்டுல இப்போ கடைக்குக் கடை வெக்கிறாங்களே, பொம்பளைங்களுக்குன்னு லேபிள் ஒட்டி?”

“அதெல்லாம் வாங்குற ஆள் நான் இல்ல டாக்டர்.”

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். போன தடவை எடுத்த படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அருணாவோடு இத்தனை வாரம் கூடவே நடந்து வருகிறவர்களுக்கு அவள் வலியைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு வருஷம். மாதத்தில் மூன்று நாள் சுருண்டு படுப்பாள். நான்காம் நாள் எழுந்து, தாலுகா ஆபீஸ் பக்கத்து இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, ஊராருடைய மனுக்களைப் பிழையில்லாமல் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அந்த வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் என்பது எட்டு மாதத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியேயும் முளைத்து, மாதா மாதம் அங்கேயும் ரத்தம் கசிந்து, இடது சினைப்பையில் கட்டியாகி நின்றது. வருகிற இருபத்தேழாம் தேதி வேலூரில் ஆபரேஷன். இன்னும் பத்தே நாள்.

மாமியார் கஸ்தூரி மட்டும், பெயர் தெரிந்த பிறகும் நம்பவில்லை. போன வாரம் கல்யாணப் பந்தியில் நாலு பேர் காதில் விழ, “எங்க வீட்ல மருமகளுக்கு வயித்து வலின்னா அது கவர்மெண்டு லீவு மாதிரி. மாசத்துக்கு மூணு நாள் கட்டாயம்” என்று சொன்னதும், அருணா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்ததும் நாம் பார்த்ததுதான்.

“வலி எப்படி இருக்கு?” என்றார் டாக்டர்.

“மூணு மாசமா கம்மி. பாதிக்குப் பாதி கம்மி.”

“சந்தோஷம். ஆனா கட்டி கம்மியாகலையே. அப்படியேதான் இருக்கு. நடுவுல ரத்தம் பட்டுச்சுன்னு வேற சொல்றீங்க. அது இந்த மாத்திரையாலயும் படும், அதுக்கு நான் பயப்பட மாட்டேன். ஆனா கர்ப்பப்பையோட உள்சவ்வு இவ்வளவு தடிமனா இருக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அது மெலிஞ்சு போயிருக்கணும்.”

“அப்படின்னா?”

டாக்டர் படங்களை உறைக்குள் போட்டார்.

“ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன். இந்த நோய்க்கு அதுதான் தீனி. நான் குடுக்கிற மாத்திரை அந்தத் தீனியைக் கம்மி பண்ணுது. சில செடியிலயும், சோயா மாதிரி பயறுலயும், ஈஸ்ட்ரோஜன் ஜாடையிலயே சில பொருள் இருக்கு. அதைப் பிரிச்சுக் குடுத்தா இந்த நோய் அடங்குமான்னு ஆராய்ச்சி நடக்குது. எலிங்களுக்குக் குடுத்துப் பாத்ததுல கட்டி சுருங்கிச்சுன்னு சிலர் எழுதியிருக்காங்க. மனுஷங்க விஷயத்துல இன்னும் யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல.”

“ஜாடை ஒண்ணா இருந்தா, அதுவும் தீனிதானே டாக்டர்?”

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். “நீங்க பௌர்ணமிக்கு பஸ் ஸ்டாண்ட்ல பாத்திருப்பீங்க. ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் புடிப்பாங்க. நோஞ்சான் ஒருத்தன் துண்டு போட்டுட்டா, பின்னால வர்ற தடியனுக்கு சீட் இல்ல. அது நல்லதுதான். அதை நம்பித்தான் ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா பஸ்ஸே காலியா இருந்தா? துண்டு போட்ட நோஞ்சானே ஏறி உக்காந்துக்குவான். உங்களுக்கு மாத்திரை குடுத்து பஸ்ஸை நான் காலி பண்ணி வெச்சிருக்கேன். அதுல யாரோ ஏறி உக்காந்திருக்காங்களோன்னு எனக்குச் சந்தேகம்.”

அருணா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“எங்க வீட்ல எனக்குத் தெரியாம யாரும் எதுவும் குடுக்க மாட்டாங்க டாக்டர்.”

“வீட்லன்னு நான் சொல்லவே இல்லையேம்மா.”

டாக்டர் குரலைத் தணித்தார்.

“இன்னைக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள, நீங்க சாப்பிடுற எல்லாத்தையும் எழுதி வேலூருக்கு அனுப்பணும். என்னன்னு தெரிஞ்சா அவங்க அதுக்குத் தக்க முடிவு பண்ணுவாங்க. தெரியலைன்னா தேதியைத் தள்ளிடுவாங்க. அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுத்தான் கெடைக்கும். தேடிப் பாருங்க. பாக்கெட் இருந்தா பாக்கெட்டோட வாங்க.”

*

அடி அண்ணாமலைக்குப் போகும் ஷேர் ஆட்டோ ஊர்ந்தது. நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் இப்போதே தடுப்புக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அருணா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எழுதிப் பார்த்தால்தான் அவளுக்கு எதுவும் விளங்கும். மனுவோடு வருகிறவர்களிடம்கூட, “அழுவாதீங்க, முதல்ல தேதிவாரியா சொல்லுங்க” என்பாள். எழுதக் காகிதம் தேடியபோது, கணவன் சக்திவேல் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் வந்தது. ‘வேலூர். 27-ஆம் தேதி. காலை 7 மணி. வெறும் வயிறு.’ இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கிறவன் அவன். அட்டையில் 7-ஐ 1 என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக விழுந்த பழக்கம்.

சீட்டை மறுபடி பையில் வைத்துவிட்டு, டைரியின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம், தன் கையால் செய்து சாப்பிடுவது. அந்தப் பக்கம், பிறர் கையால்.

மத்தியானச் சாப்பாடு அவளே கட்டுவது. ராத்திரிச் சமையல் அவளுடையது. ஆபீஸ் டீ கடையிலிருந்து வருகிறது, அதை ஆறு பேர் குடிக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. காலைக் கஞ்சி.

மூன்று மாதமாகக் கஸ்தூரி காலை ஏழு மணிக்குக் கஞ்சி காய்ச்சி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு வாய் தண்ணீர் மொண்டு கொடுத்தவளில்லை. அந்த டம்ளரை முதல் நாள் வாங்கியபோது அருணாவுக்குக் கண் கலங்கியது. வாயால் குத்தினாலும் கையால் கொடுக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பந்தியில் அப்படிப் பேசிய மறுநாள் காலையிலும் அதே டம்ளர் வந்ததே.

அது எதற்காக வந்தது?

இப்போது யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக மேலே வந்தது. நாத்தனார் கவிநிலா டம்ளரைக் கழுவ எடுக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். சக்திவேல் தினமும் பத்து மணிக்கு போன் பண்ணுவான். எந்தத் தெருவில் நின்றாலும் முதல் கேள்வி, “கஞ்சி குடிச்சியா?”

போன மாதம் அவள் எழ முடியாமல் கிடந்த ஐந்து நாள், அடுப்படிப் பக்கமே போகாத அந்த மனுஷன், அம்மாவை விலகச் சொல்லிவிட்டுத் தானே கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தான். அதை அவள் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். சந்தேகம் அந்த இடத்தில் வந்து முட்டியபோது, சே, அவரையா, என்று அவளே அதைத் தள்ளிவிட்டாள்.

வீட்டில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் கஞ்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று கேட்டது கவிநிலா மட்டும்தான். “அண்ணி, இன்னைக்குப் பத்துக்கு எத்தனை?” என்று விளையாட்டுப் போல சாயங்காலமானால் கேட்பாள். ஆறு என்பாள் அருணா. ஐந்து என்பாள். கேட்க ஒருத்தியாவது இருக்கிறாளே என்று அந்த எண்ணை யோசித்து யோசித்துச் சரியாகச் சொல்லுவாள்.

*

வீடு பூட்டியிருந்தது. கஸ்தூரி மாவு மில்லுக்குப் போயிருந்தாள். சாவி வழக்கமான மாடத்தில் இருந்தது.

அருணா செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குள் போனாள். மேல் தட்டில் பிடி வைத்த இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் கஞ்சி மாவு. ஒன்றின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. தினமும் பார்க்கிற டப்பாதான். நூல் எதற்கு என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

சிவப்பு நூல் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். வறுத்த கம்பு, கேழ்வரகு. அதற்கு அடியில், ஊறவைத்த பயறு போல ஒரு பச்சை வாடை.

டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பழைய ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை ஒன்று அகப்பட்டது. பாதி காலியான பொடி. மேலே இலை படம் போட்ட ஸ்டிக்கர். சோயாவிலிருந்து பிரித்தெடுத்தது என்றும், பெண்களின் மாத நலத்துக்கு என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே, ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் கவிநிலா வேலை பார்க்கும் கடையின் முத்திரை.

அருணா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே, கதவோரம், தினசரி காலண்டர் தொங்கியது. அதற்குக் கீழே கம்பி. இந்த வீட்டில் கிழித்த தாளை எறிய யாருக்கும் மனம் வராது. பின்பக்கம் வெற்றாக இருக்கிறதே, கடைக்குச் சாமான் எழுத ஆகும் என்று கம்பியில் குத்தி வைப்பார்கள். தினமும் முதலில் எழுந்து தாள் கிழிப்பவள் கவிநிலா.

ஏன் எழுந்தாள், ஏன் அந்தக் கம்பியைக் கழற்றினாள் என்று அருணாவால் சொல்ல முடியாது. மேலிருந்த தாளைத் திருப்பினாள்.

‘அ: 2 ஸ்பூன். வலி 4. வேலைக்குப் போனாங்க.
க: இல்லை. வலி 5.’

அடுத்தது. அதற்கு அடுத்தது.

‘அ: 2 ஸ்பூன். வலி 9. வாந்தி. அம்மா திட்டினாங்க. க: இல்லை. வலி 8.’

‘அ: 2 ஸ்பூன். வலி 3. பாத்திரம் கழுவும்போது பாடினாங்க. க: இல்லை. வலி 6.’

தான் பாடியது அருணாவுக்கே தெரியாது. அதையும் ஒருத்தி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டு, எழுதி, கம்பியில் குத்தியிருக்கிறாள்.

*

இரண்டு மணிக்கு கவிநிலா உள்ளே நுழைந்தாள். இருபத்துநாலு வயது. கையில் டெய்லர் கடைப் பை. ஞாயிற்றுக்கிழமை போளூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்கு ஜாக்கெட்.

“அண்ணி, டாக்டர் இன்னா சொன்னாங்க?”

“பத்துக்கு எத்தனைன்னு கேட்டாங்க” என்றாள் அருணா.

கவிநிலா சிரிக்க வாய் திறந்தாள். பிறகுதான் தரையில் கிடந்த பொடி உறையையும் கம்பியையும் பார்த்தாள். பை கையிலேயே நின்றது.

“படிச்சிட்டேன். நீ நல்லா எழுதியிருக்க. ஒரு நாள்கூட விடல.”

“அண்ணி...”

“என்னை வெச்சு சோதிச்சுப் பாத்திருக்க.”

“அப்படி நெனைக்காதீங்க அண்ணி.”

“வேற எப்படி நெனைக்கிறது? நீயே சொல்லு, அப்படியே நெனைச்சுக்கிறேன்.”

கவிநிலா எதிரில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“கடைப் பொடிக்கு லேபிள் எழுதணும்னு நெட்ல தேடினேன். அதுல உங்க நோய் பேரு இருந்துச்சு. எலிக்குக் குடுத்துப் பாத்தாங்களாம். கட்டி சுருங்கிச்சாம்.”

“நான் எலி இல்ல கவி.”

“நீங்க அன்னைக்குத் தரையில உருண்டீங்க. அம்மா டிவி சத்தத்தை ஜாஸ்தி பண்ணாங்க. எனக்கு வேற வழி தெரியல. சிவப்பு நூல் டப்பாவுல பொடியைக் கலந்துட்டு, அண்ணிக்குத் தனி மாவு, தினம் ரெண்டு ஸ்பூன், டாக்டர் சொன்னதுன்னு அம்மாகிட்ட சொன்னேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க குடிக்க மாட்டீங்க. குடிச்சாலும், மருந்து குடிக்கிறோம்ங்கிற நெனைப்புலயே மனசு வலியைக் கம்மி பண்ணிடும்னு படிச்சேன். அப்புறம் எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது.”

அருணாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

“மூணு மாசமா அத்தை கையால டம்ளர் வாங்கினேனே. மாமியார் மனசு மாறிடுச்சுன்னு நெனைச்சு நெனைச்சுக் குடிச்சேனே. அதுல என் மனசு வலியைக் கம்மி பண்ணியிருக்காதா?”

கவிநிலா டெய்லர் பையை மடியில் வைத்து அமுக்கினாள்.

“க யாரு?” என்றாள் அருணா. “முதல்ல கஸ்தூரின்னு நெனைச்சேன். அத்தைக்கு அதெல்லாம் நின்னு எட்டு வருஷம் ஆச்சு.”

டெய்லர் பை மடியிலிருந்து சரிந்தது. கவிநிலா அதை எடுக்கவில்லை.

“எப்பலேருந்து?”

“பிளஸ் டூ படிக்கும்போதுலேருந்து.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“நீங்க போனீங்களே அண்ணி, உங்களை இந்த வீட்ல இன்னா சொன்னாங்கன்னு நானும் கேட்டுக்கினுதானே இருந்தேன். கல்யாணம் ஆகாத பொண்ணு நான் எங்க போயி வாயைத் தொறக்கிறது?” அவள் குரல் கம்மியது. “ஒருத்தர் குடிக்கணும், ஒருத்தர் குடிக்காம இருக்கணும். அப்பத்தான் தெரியும். அதான் நான் குடிக்கல. எனக்கும் வலிச்சுது. பொடி கையிலேயே இருந்துச்சு. தொடல.”

அருணா அவளை அடிக்க நினைத்திருந்தாள். உண்மையாகவே, கையை ஓங்குகிற அளவுக்குக் கோபம் இருந்தது. இப்போது அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“உங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது அண்ணி.” பதில் சட்டென்று வந்தது. வேண்டியதைவிடச் சீக்கிரமாகவே.

பிறகு, மெதுவாக, “ஒண்ணு மட்டும் புரியல. ரெண்டாவது மாசத்துலேருந்து எனக்கும் வலி கம்மியாச்சு. போன மாசம் நடுவுல ரத்தம் வேற பட்டுச்சு, உங்களுக்குப் பட்ட மாதிரியே. நான்தான் அந்த மாவைத் தொடவே இல்லையே.”

அருணா நிமிர்ந்து பார்த்தாள். அதே நேரம் வாசலில் செருப்புச் சத்தம்.

*

“எவ கதவைத் தொறந்து போட்டது? குரங்கு பூந்தா இன்னா பண்றது?” என்று கேட்டுக்கொண்டே கஸ்தூரி மாவுப் பையை இறக்கினாள். மூக்கு நுனியிலும் புருவத்திலும் மில் மாவு படிந்திருந்தது. “நாளைக்குப் பௌர்ணமின்னு ஊரே மில்லுல நிக்குது. கால் கடுத்துப் போச்சு.”

கவிநிலா பொடி உறையை டெய்லர் பைக்குள் தள்ளிவிட்டாள். அருணா தாள்களை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். இரண்டும் ஒரே நொடியில் நடந்தது.

“இன்னா ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கிறீங்க?”

“ஒண்ணும் இல்ல அத்தை. இந்த ரெண்டு டப்பாவும் எதுக்குத் தனித்தனின்னு கேட்டுக்கினு இருந்தேன்.”

“உனக்குத்தான். டாக்டர் தனி மாவு சொன்னாருன்னு இவதான் நூலைக் கட்டி வெச்சா.” கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நானும் எடுத்து எடுத்துக் காய்ச்சித் தர்றேன். அதையும் குத்தம் கண்டுபுடிக்கப் போறியா?”

“இல்ல அத்தை. என் டப்பா தீர்ந்துட்டா என்ன பண்ணுவீங்க?”

“டப்பா ஏன் தீருது?” கஸ்தூரிக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. “மாவு டப்பா அடி தெரியலாமா ஒரு குடும்பத்துல? இது எறங்குச்சுன்னா அதுலேருந்து அள்ளிப் போடுவேன். அது எறங்குச்சுன்னா இதுலேருந்து. வெள்ளிக்கெழமையானா ரெண்டையும் சமமா ரொப்பி வெச்சுடுவேன். என் மாமியார் காலத்துலேருந்து அப்படித்தான்.”

“தனி மாவுன்னு சொன்னேனேம்மா” என்றாள் கவிநிலா. அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

“இன்னா பெரிய தனி மாவு. அதே கம்பு, அதே கேழ்வரகு, நான் காயவெச்சு நான் அரைச்சது. கலந்தா இன்னா தோஷம்? மருமகளுக்கு ஒரு மாவு, மகளுக்கு ஒரு மாவுன்னு நான் பிரிச்சு வெச்சா, அதையும் ஒரு நாளைக்கு ஊருல சொல்ல மாட்டீங்களா? எல்லாருந்தானே குடிக்கிறோம். நானும்தான் குடிக்கிறேன்.”

சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் கை கால் கழுவப் போய்விட்டாள்.

அருணா எழுந்து, நூல் கட்டாத டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். அதே பயறு வாடை. டப்பாவைக் கவிநிலாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

கவிநிலாவின் முகம் வெளுத்துப்போனதை அருணா நேராகப் பார்த்தாள். இவள் தொண்ணூறு நாளாக வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து எழுதிய ‘இல்லை’ ஒன்றுகூட உண்மையான ‘இல்லை’ ஆகவில்லை. யார் எத்தனை குடித்தார்கள் என்று இனி அந்த வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. எது வலியைக் குறைத்தது, எது சவ்வைத் தடிக்க வைத்தது, அதுவும் தெரியாது.

“முகம் கழுவிட்டு வா” என்றாள் அருணா. “நாலு மணிக்கு டாக்டர்கிட்ட போறோம். ரெண்டு பேரும்.”

“ஞாயித்துக்கெழமை போளூர்க்காரங்க வர்றாங்க அண்ணி.”

“வரட்டும். இன்னைக்கு வியாழக்கெழமைதான்.”

“இவ எதுக்கு உன்கூட?” பின்பக்கத்திலிருந்து கஸ்தூரியின் குரல். அந்தக் காதுக்கு எதுவும் தப்பாது.

கவிநிலா அண்ணியின் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். மூன்று மாதத்துக்கு ஈடாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட அருணாவுக்கு நாக்கு துடிக்கத்தான் செய்தது.

“துணைக்கு அத்தை” என்றாள்.

கவிநிலா பொடி உறையை அருணாவின் கையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

*

மூன்றேகால். புறப்பட இன்னும் நேரம் இருந்தது.

அருணா தாள்களைத் தேதிவாரியாக அடுக்க உட்கார்ந்தாள். எந்த மனுவானாலும் காகிதங்கள் வரிசையில் இருக்க வேண்டும். டாக்டர் கேட்டால் புரட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கவிநிலாவின் கையெழுத்து பொடிப் பொடியாக, கறுப்பு மையில், ஒரே சீராக ஓடியது. முதல் மாதம் முடிந்தது. இரண்டாவது மாதம். நான்காம் தேதி வரை வந்தாள்.

ஐந்தாம் தேதித் தாளில் மை நீலமாக இருந்தது.

‘அ: 3 ஸ்பூன். வலி 7. க: தெரியாது.’

அருணா அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், டாக்டர் பிடித்தது போலவே. எழுத்து பெரிது. அவசரமாக, நின்றுகொண்டே எழுதியது போல இருந்தது.

ஐந்திலிருந்து ஒன்பது வரை கவிநிலா வீட்டிலேயே இல்லை. கடைக்காரர்கள் பாண்டிச்சேரியில் பயிற்சி என்று அனுப்பியிருந்தார்கள். அருணா எழ முடியாமல் கிடந்த ஐந்து நாள் அதுதான். வாசலில் நின்று, “அம்மா, நீ நவுரு, நான் காய்ச்சுறேன்” என்ற குரல் இப்போதும் அவள் காதில் இருந்தது.

ஆறாம் தேதி. ‘அ: 3 ஸ்பூன். வலி 8. க: தெரியாது.’

ஏழாம் தேதி. ‘அ: 4 ஸ்பூன். வலி 7.’

எட்டு, ஒன்பது, இரண்டிலும் நான்கு. தொண்ணூறு தாளில் கவிநிலா எழுதிய அளவு ஒரு நாளும் இரண்டைத் தாண்டவில்லை.

கைப்பையைத் திறந்து வேலூர்ச் சீட்டை எடுத்தாள். தாள்களுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். சீட்டில் இரண்டு ஏழு. தாள்களில் இரண்டு ஏழு. நான்குக்கும் இடுப்பில் அதே குறுக்குக் கோடு.

எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கோடு அங்கேயேதான் இருந்தது.

போன் அடித்தது. பத்து மணிக்கு அவள் ஸ்கேன் அறையில் இருந்ததால் தவறிப்போன அதே போன்.

“எங்க போயிட்ட? காலையிலேருந்து அடிக்கிறேன்.” சக்திவேலின் குரலில் வழக்கமான வெயில் களைப்பு. “டாக்டர் இன்னா சொன்னாங்க? தேதி மாறலையே?”

“சாயந்திரம்தான் தெரியும்.”

“சரி. கஞ்சி குடிச்சியா?”

அருணா தரையில் கிடந்த ஐந்து தாள்களையும் ஒரு விரலால் நேர் செய்தாள்.

“குடிச்சேங்க. இன்னைக்கு எத்தனைன்னு எழுதிக்கிறீங்க? மூணா, நாலா?”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாய் குரைத்தது. “சார், மீட்டரு இந்தப் பக்கம் இருக்குது சார்” என்று யாரோ ஒரு அம்மாள் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

சக்திவேல் அவளுக்கும் பதில் சொல்லவில்லை, இவளுக்கும் பதில் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை.